இரண்டு நட்சத்திரக்காரர் எத்தனை பேர்?

பதினொரு வருடத்தில் அவர் எனக்கு மூன்று நட்சத்திரத்துக்கு மேல் தந்ததில்லை.

கனடாவில், ஸ்காபரோவின் கிழக்குக் கோடியில் அப்பிள் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நாங்கள் இருவரும் ஒரே பெல்ட்டின் இரண்டு கரையிலும் நின்றோம். தொட்டியில் கழுவப்பட்ட அப்பிள்கள் உருளைகளின் மேல் சுழன்று சுழன்று வரும். அடிபட்டது, தழும்பு விழுந்தது, நிறம் பிடிக்காதது எல்லாவற்றையும் கையால் எடுத்துப் பக்கத்தில் உள்ள வாய்க்காலில் போட வேண்டும். அவை சாறு பிழியப் போகும். மிச்சம் முதல் தரம். இரைச்சலுக்காக எல்லோரும் காதை அடைத்திருப்போம். ஆகவே அவர் விரலால்தான் கதைப்பார். மறுபக்கம் திரும்பி வரும் தழும்பை நான் முன்கூட்டியே கண்டு எடுத்துவிட்டால் எதிர்க்கரையில் மூன்று விரல் எழும்பும். தவறவிட்டால் ஒன்று.

நான்கு யாருக்கு என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"நாலு எண்டால் எனக்கு," என்றார். "ஐஞ்சு ஒருத்தருக்கும் இல்லை. குடுத்தால் பிறகு அவன் வேலை செய்யமாட்டான்."

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட எட்டு வயது மூப்பு. மல்வேர்னில் ஒரு வரிசை வீட்டில் மனைவியோடும் ஒரே மகனோடும் இருந்தார். மனைவியை நான் அக்கா என்பேன். நான் இரண்டு பஸ் தரிப்பு தள்ளி, ஒரு மாடிக் கட்டடத்தில் தனியாக இருந்தேன். காலையில் இருவரும் ஒரே பஸ்.

எதைக் கண்டாலும் அதற்கு ஓர் இடம் குறிக்காமல் அவரால் இருக்க முடியாது. ஸ்காபரோவில் உள்ள சாப்பாட்டுக் கடைகளில் எந்தக் கடையின் மட்டன் ரோல்ஸ் முதலாவது, எது ஒன்பதாவது என்று வரிசை வைத்திருந்தார். ஒன்பதாவதுக்குப் பிறகு உள்ளவை அவரைப் பொறுத்தவரை ரோல்ஸ் அல்ல. கல்யாண மண்டபங்களுக்கு வரிசை இருந்தது. ஓடிவரும் ஆளைக் கண்டு நிற்கும் பஸ் சாரதிகளுக்கும் நிற்காதவர்களுக்கும் இருந்தது. பனி கொட்டினால் ஜன்னலால் பார்த்துவிட்டு இரண்டு விரலைக் காட்டுவார். "உது பனியோ? தொண்ணூற்றி ஒன்பதிலை கொட்டினதல்லோ பனி." செத்தவீட்டுக்குப் போனாலும் திரும்பி வரும் வழியில் யார் நன்றாகப் பேசினார், யார் தன்னைப்பற்றிப் பேசினார் என்று சொல்லிக்கொண்டு வருவார். எனக்குச் சிரிப்பு வரும். என் வாழ்க்கையில் நான் சிரித்ததில் பாதி அவரோடு பஸ்ஸில் வந்தபோதுதான்.

ஆனால் ஒரு விசயம். மனிதர் எதற்கும் சும்மா விரல் காட்டுவதில்லை. எண்ணிப் பார்த்துத்தான் சொல்வார்.

ஒருமுறை கடைகளிலிருந்து பழுதென்று திரும்பி வந்த பெட்டிகளைச் சூப்பர்வைசர் அம்மா அடுக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவற்றில் அதிகமானவை எங்கள் பெல்ட்டில் போனவை. வெள்ளைப் பலகையில் என் பெயரைச் சிவப்பில் எழுதினார். ஒரு பெயர் மட்டும்தான் எழுதப்பட்டிருந்தது. எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் விளங்கும், ஆனால் வாய் எழாது. தமிழில் கேட்டிருந்தாலும் எழுந்திருக்காது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் பார்க்கும்போது என்னால் என் பெயரையே ஒழுங்காகச் சொல்ல முடியாது. அப்போது அண்ணை காதடைப்பான்கள் கழுத்தில் தொங்க வந்து, "எங்கள் பெல்ட்டில் எத்தனை பெட்டி போனது, மற்ற பெல்ட்டில் எத்தனை போனது என்று பார்த்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்த அம்மா போய்ப் பார்த்தார். எங்கள் பெல்ட்டில் மற்றதைப்போல் மூன்று மடங்கு போயிருந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை, பலகையில் இருந்த பெயரை மட்டும் கையால் அழித்தார்.

"தம்பி," என்றார் அண்ணை, பெல்ட்டுக்குத் திரும்பும்போது. "திரும்பி வந்ததை மட்டும் எண்ணுறவன் விசரன். மொத்தம் எத்தினை போனது எண்டு முதல் கேக்கோணும். விளங்குதோ?"

எனக்கு நன்றாக விளங்கியது. அதுதான் பின்னால் வினையாகியது.

அவரிடம் ஒரு நீலக் கொப்பி இருந்தது. முதல் பக்கத்தில் அவர் ஊரில் ஐந்தாம் வகுப்பில் படித்த பிள்ளைகளின் பெயர்கள். வாத்தியார் வருட முடிவில் வாசித்த வரிசையில், முதலாம் பிள்ளையிலிருந்து முப்பத்தெட்டாம் பிள்ளை வரைக்கும். எல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதியது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தப் பிள்ளை இப்போது எங்கே, என்ன வேலை என்று இருந்தது. முதலாம் பிள்ளை எங்கள் பக்கத்துப் பேக்கரி ஒன்றில் தட்டு அடுக்குகிறார். இரண்டாம் பிள்ளை பாரிசில் பாத்திரம் கழுவுகிறார். முப்பத்தெட்டாம் பிள்ளைக்கு மார்க்கம் நகரில் மூன்று கடைகள். சில பெயர்களுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார். நான் அந்தக் கோடுகளை எண்ணத் தொடங்கி, இடையில் நிறுத்திவிட்டேன்.

"நான் நாலாம் பிள்ளை," என்றார். "பாத்தீரே, பத்து வயசிலை போட்ட நம்பர் ஒண்டாவது சரி வந்திருக்குதே? ஒருத்தனைப் பாத்து நீ இவ்வளவுதான் எண்டு சொல்லுறதெல்லாம் பொய் வேலை."

நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் விரல் காட்டும் மனிதர் இப்படிச் சொல்வது எனக்கு விசித்திரமாக இருந்தது. கேட்டால், "ரோல்ஸ் வேறை, மனுசன் வேறை," என்றார்.

மகன் பிறந்தது இங்கேதான். பதினாறு வயதில் கதவு நிலையில் தலை முட்டும் உயரம், அதற்கேற்ற அகலம். பள்ளிக்கூடத்தில் புட்போல் விளையாடினான். காலால் உதைக்கும் விளையாட்டு அல்ல. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது. அவன் நின்றது முன்வரிசையில். எதிரே வருகிறவனைத் தள்ளி, பந்தோடு வருகிறவனுக்கு வழி திறந்துகொடுப்பதுதான் அவன் வேலை.

"பந்தை ஒருநாளும் தொடமாட்டான்," என்று அண்ணை எல்லோருக்கும் பெருமையாகச் சொல்வார். "ஆனால் அவன் இல்லாட்டி ஒருத்தரும் ஓடேலாது."

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் என்னையும் ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனார். அக்டோபர் குளிர். அக்கா காருக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு, மைதானத்துக்கு முதுகு காட்டி இருந்தா. மகன் விழுவதை அவவால் பார்க்க முடியாதாம். அண்ணை கம்பி வேலியோடு நின்று ஒவ்வொரு முறையும் மகன் எத்தனை பேரைத் தள்ளினான், எத்தனை தரம் விலகினான் என்று கொப்பியில் கோடு போட்டார். பாதி நேரம் தலை குனிந்தே இருந்தது. நான்தான் பையனைப் பார்த்தேன். எனக்கு அந்த விளையாட்டில் ஒன்றும் தெரியாது. ஆனால் அவன் எழுந்து நிற்கும்போது மற்றப் பிள்ளைகள் அவனுக்குப் பின்னால் ஒதுங்கியதைக் கண்டேன்.

அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பல்கலைக்கழக அணிகளுக்குப் போகுமுன்னர், அவர்களைப் பார்த்து நட்சத்திரம் போடுகிற இணையத்தளங்கள் உண்டு. மிகச் சிறந்தவர்களுக்கு ஐந்து. அந்தக் குளிர்காலம் மகனுக்கும் ஒரு தளத்தில் நட்சத்திரம் போட்டார்கள். இரண்டு.

பெல்ட்டின் எதிர்க்கரையில் இருந்து அண்ணை இரண்டு விரலைக் காட்டினார். நான் எதையோ தவறவிட்டேன் என்று நினைத்து அப்பிள்களைக் குனிந்து பார்த்தேன். அவர் இல்லை என்று தலையாட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, கையை உயரத்தில் வைத்து மகனின் உயரத்தைக் காட்டினார். முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு அமெரிக்காவில் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் எழுதினார். வந்து அணியில் முயற்சி செய்யலாம், உதவித்தொகைக்கு உறுதி சொல்ல முடியாது என்று. மகனுக்கு அதுதான் வேண்டும். அதே நேரம் இங்கே ஒரு கல்லூரியில் எலெக்ரிசியன் படிப்புக்கும் இடம் கிடைத்திருந்தது. அக்காவுக்கு இதுதான் வேண்டும். இரண்டுக்கும் ஜூன் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். முடிவை அவர்கள் அண்ணையிடம் விட்டிருந்தார்கள். அண்ணை அதைக் கொப்பியிடம் விட்டார்.

வசந்தத்தில் அமெரிக்காவின் பெரிய அணிகள் பல்கலைக்கழகங்களில் இருந்து ஆட்களைத் தெரிவு செய்யும். மூன்று நாட்கள் தொலைக்காட்சியில் பெயர் பெயராக வாசிப்பார்கள். அண்ணை லீவு போட்டு அதன் முன்னால் இருந்தார். வாசிக்கப்பட்ட ஒவ்வொரு பெயரையும் எழுதி, அவனுக்குப் பதினேழு வயதில் எத்தனை நட்சத்திரம் போட்டிருந்தார்கள் என்று தேடி எழுதினார்.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். மகனும் மேசையில் இருந்தான்.

"இஞ்சருங்கோ, உந்தக் கொப்பியை எடுங்கோ, குழம்பு சிந்தப் போகுது," என்றா அக்கா.

"பொறும். இவருக்கு ஒருக்காக் காட்டிப்போட்டு எடுக்கிறன். பாரும் தம்பி, இந்தமுறை எடுபட்ட பெடியள். ஐஞ்சு ஸ்டார் காரர் ஒரு பக்கத்துக்கு ரெண்டு மூண்டு பேர்தான். மற்றதெல்லாம் மூண்டு ஸ்டார். ரெண்டும் இருக்குது. ஸ்டாரே இல்லாதவனும் இருக்கிறான்! நான் சொன்னனான்தானே? எங்கடை ஐஞ்சாம் வகுப்புக் கதைதான் அங்கையும்."

மகன் சிரித்தான். "டாட் இஸ் கிரேஸி, அங்கிள்," என்றான். ஆனால் அவன் கண் கொப்பியை விட்டு நகரவில்லை.

"உந்த லிஸ்டிலை இருக்கிறதுகள் ஆற்றையோ பிள்ளையள்," என்றா அக்கா. "இவன் என்ரை பிள்ளை. கால் முறிஞ்சு வந்தால் லிஸ்டே பாக்கப் போகுது? தம்பி, நீங்கள் ஒண்டும் சொல்லாமல் இருக்கிறியள். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கோவன்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொன்னால் என்னை விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். வேறு ஒரு நினைப்பும் என் மனதில் இருக்கவில்லை. கொப்பியைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"ஐஞ்சு ஸ்டார் காரர் ஒரு வருசத்திலை மொத்தம் எத்தினை பேர் அண்ணை?"

"அது கொஞ்சப் பேர். ஒரு பஸ்ஸிலை ஏத்தலாம்."

"ரெண்டு ஸ்டார் காரர்?"

"அது..." என்று தொடங்கியவர் நின்றார். விரல் பக்கத்தின் நடுவில் இருந்தது. "அவ்வளவு பேருக்கு ஒரு ரயில் காணாது," என்றார், மெல்ல.

நான் அப்போதும் முழுதாக உணரவில்லை. அவர் உணர்ந்துவிட்டார். அந்த வெள்ளைப் பலகைக்கு முன்னால் சூப்பர்வைசர் அம்மாவைப் பார்த்த அதே பார்வையை இப்போது கொப்பியின் மேல் வைத்திருந்தார். எடுபட்டவர்களை மட்டும் எண்ணியிருந்தார். மொத்தம் எத்தனை பேர் புறப்பட்டார்கள் என்று எண்ணவில்லை. அந்தக் கேள்வியை எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான்.

"வாட் ஹப்பன்ட், அப்பா?" என்றான் மகன்.

"ஒண்டுமில்லை. சாப்பிடு," என்றார் அண்ணை. கொப்பியை மூடித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அக்கா குழம்பு ஊற்றினா.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை அவர் விரல் காட்டவில்லை. பஸ்ஸில் கொப்பியைத் திறந்து வைத்திருந்தார். முந்தைய வருடங்களையும் எடுத்து எண்ணினார். ஒவ்வொரு வருடமும் ஐந்து நட்சத்திரக்காரரின் பஸ்ஸில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு நட்சத்திரக்காரரின் ரயிலில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள். மூன்றாம் கிழமை சாப்பாட்டு அறையில் எனக்கு முன்னால் வந்து இருந்தார்.

"பஸ்ஸிலை ஏறினவங்கள் கனபேர் போய்ச் சேந்திருக்கிறாங்கள், தம்பி. ரயிலிலை பெட்டி பெட்டியாப் பாத்தன். ஒருத்தனும் போய்ச் சேராத பெட்டியள்தான் கனக்க." சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. "உவங்கள் சரியாத்தான் ஸ்டார் போடுறாங்கள்."

"ஆனால் உங்கடை வகுப்பிலை..."

"அங்கை சண்டை நடந்தது. எல்லாத்தையும் புரட்டிப் போட்டுது. நான் உலகமே அப்பிடி எண்டு நினைச்சிட்டன்." சிரிக்கப் பார்த்தார். "உவங்கடை நாட்டிலை அது நடக்கேல்லை. அதுதான் நம்பர் சரி வருது."

"அண்ணை, நான் கேட்டிருக்கக் கூடாது."

"கேக்காட்டிலும் அது அவ்வளவுதானே."

அமெரிக்கா வேண்டாம் என்ற முடிவை மகனிடம் அவர் வீட்டில் வைத்துச் சொல்லவில்லை. தாய் சந்தோசப்படுவா, அதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்காது என்று, பள்ளிக்கூடத்துக் கார் தரிப்பிடத்தில் காரை நிறுத்தி, கொப்பியைக் காட்டிச் சொன்னாராம். அவன் சத்தம் போடவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தானாம். பிறகு ஒன்று கேட்டானாம். "அப்பா, நீங்க என்ரை எல்லா கேமுக்கும் வந்தீங்க. என்னைப் பாத்தீங்களா, இல்லாட்டி கோடுதான் போட்டீங்களா?"

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"காரைக் கிளப்பினன். எனக்கு நட்சத்திரம் எத்தினை எண்டு அவனுக்குத் தெரிஞ்சிட்டுது."

அவன் அமெரிக்காவுக்கு மாட்டேன் என்று எழுதிவிட்டுக் கல்லூரிக்குப் போனான். தகப்பன் சொன்னதைக் கேட்டான். ஆனால் பக்கத்து ஊரான ஏஜக்சில் சிநேகிதர்களோடு ஒரு நிலவறையில் வாடகைக்குப் போய்விட்டான். தகப்பன் வேலையில் இருக்கும் நேரம் பார்த்துத் தாயிடம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் கழுவிக் கவிழ்த்த கோப்பை ஒன்று இருக்கும் என்று அண்ணை சொல்வார்.

ஒருமுறை பஸ்ஸில், நான் ஒன்றும் கேட்காமலே சொன்னார்: "ரயிலிலையும் ஒண்டு ரெண்டு பேர் போய்ச் சேருறாங்கள்தானே. அது இவனோ இல்லையோ எண்டு லிஸ்ட் சொல்லாது. போயிருந்தால் தெரிஞ்சிருக்கும். இப்ப கொப்பியிலை அவன்ரை வரி வெறுமையாக் கிடக்குது. எழுதவும் ஏலாது, கோடு இழுக்கவும் ஏலாது."

மட்டன் ரோல்ஸ் வரிசையில் முதலாம் இடத்தில் இருந்த கடையில் இருந்து நான் ஒருநாள் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். சாப்பிட்டார். எப்படி என்று கேட்டேன். "நல்லாயிருக்கு," என்றார். அவ்வளவுதான். நான் பெல்ட்டில் எத்தனையோ நல்ல தழும்புகளைப் பிடித்துவிட்டு எதிர்க்கரையைப் பார்ப்பேன். அவர் அப்பிளையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

கடைசியாக ஒன்று. இரண்டு வருடம் கழித்து, எங்கள் சாப்பாட்டு அறையில் விளக்குகள் மாற்ற ஒரு கம்பனியில் இருந்து ஆட்கள் வந்தார்கள். தண்ணீர் குடிக்கப் போனபோது ஏணியில் நின்ற ஆளின் முதுகைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அகலம் வேறு யாருக்கும் இல்லை. அவனும் என்னைக் கண்டான். கீழே இறங்கி, கையுறையைக் கழற்றிக் கை தந்தான்.

"அங்கிள், அண்டைக்கு அந்தக் கேள்வி நீங்கதானே கேட்டது?"

"ஓம்," என்றேன்.

"குட் குவெஸ்சன், அங்கிள்." கோபமாகச் சொல்லவில்லை. கையுறையைப் போட்டுக்கொண்டு திரும்ப ஏறினான்.

மணி அடித்து எல்லோரும் சாப்பிட வந்தார்கள். அண்ணை வாசலில் அவனைக் கண்டு நின்றார். மகன் அன்று அங்கே வேலைக்கு வருவான் என்று அவருக்குத் தெரியாது. எத்தனையோ மேசைகள் காலியாக இருந்தன. அவர் நேரே வந்து ஏணிக்குப் பக்கத்து மேசையில் இருந்து பெட்டியைத் திறந்தார். நான் எதிரே இருந்தேன். மேலே திருகாணி முறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு புதிய விளக்கு ஒளிர்ந்தது. முன்னைய விளக்குப்போல் துடிக்காமல், சத்தமில்லாமல், வெள்ளையாக எரிந்தது. மேசையில் இருந்த ஒவ்வொரு கீறலும் தெரிந்தது.

தகப்பனும் மகனும் அப்படி இருந்ததை என்னால் தாங்க முடியவில்லை. மறுபடியும் எனக்கு அதே வியாதி. பகிடி விட்டுப் பழக்கமில்லாத நான் மேலே விளக்கைக் காட்டி, "எத்தினை ஸ்டார் அண்ணை?" என்று கேட்டேன்.

ஏணியில் சத்தம் நின்றது.

அண்ணை அண்ணாந்து பார்த்தார். விளக்கையா, அதைப் பிடித்திருந்த கையையா என்று எனக்குத் தெரியாது. ஒரு விரலாவது எழும்பும் என்று காத்திருந்தேன். இரண்டு கைகளும் சாப்பாட்டுப் பெட்டியின் இரண்டு பக்கமும் அப்படியே இருந்தன.

"எனக்கு உந்த வேலை தெரியாது, தம்பி," என்றார்.

மகன் இறங்கி ஏணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போனான். அண்ணை ஒரு வாய் சோற்றைக் குழைத்து எடுத்து, வாய்க்குக் கொண்டுபோகாமல், மணி அடிக்கும்வரை கையிலேயே வைத்திருந்தார்.